முதல் முறை கூத்துப் பார்க்கப் போகிறீர்களா?

வேலூர், ஆரணி, செய்யாறு பக்கம் கோடை வந்துவிட்டால் ஏதாவது ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் பாரத விழா நடந்துகொண்டிருக்கும். பகலில் மகாபாரதப் பிரசங்கம், ராத்திரியில் அந்தக் கதையை ஆடிப் பாடி நடிக்கும் தெருக்கூத்து. டவுனிலிருந்து ஆசையாகக் கிளம்பிப் போகிறவர்கள் பலர் பாதியிலேயே எழுந்து வந்துவிடுகிறார்கள். சினிமா பார்க்கும் கணக்கோடு போய் உட்காருவதுதான் காரணம்.

முதலில் நேரம். நோட்டீசில் இரவு 9 மணி என்றிருந்தால், 9 மணிக்கு வேஷம் கட்டிக்கொண்டிருப்பார்கள் என்று அர்த்தம். ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை என்கிற சின்ன நாயனம், தாளம் எல்லாம் கூடிக் களை கட்டி, கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வந்துபோய், ராஜா வேஷம் வெளிப்படவே வெகுநேரம் ஆகிவிடும். முடியும்போது விடிந்திருக்கும். கடைசி பஸ்ஸுக்காகப் பன்னிரண்டு மணிக்குக் கிளம்புகிறவர் கூத்துப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. மத்தியானம் நன்றாகத் தூங்கிவிட்டு, ஒரு பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு போங்கள். நடுவில் கொஞ்சம் கண்ணயர்ந்தாலும் குற்றமில்லை, ஊர்க்காரர்களே அப்படித்தான்.

அடுத்து, திரை. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதற்குப் பின்னாலிருந்து துரியோதனன் தன் பெருமையைப் பாடுவான். புதியவர்கள் பொறுமை இழப்பது இங்கேதான். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கை கட்டிய கால்கள், அவ்வளவுதான் தெரியும். அந்தக் கால்களைக் கவனியுங்கள். தாளம் ஏற ஏற காலடி வைக்கும் அடவு மாறும். திரை விலகியதும் கிர்ரென்று சுற்றி வருவார் பாருங்கள், தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம் என்று அத்தனை சுமையோடும்!

பாட்டு புரியவில்லை என்று பக்கத்தில் இருப்பவரைத் துளைக்காதீர்கள். நடிகர் பாடுவதைப் பின்பாட்டுக்காரர்கள் திருப்பிப் பாடுவார்கள், பிறகு அதே சங்கதி வசனமாக வரும். பாட்டில் தவறவிட்டதை வசனத்தில் பிடித்துக்கொள்ளலாம். ‘சொன்னதையே சொல்கிறார்கள்’ என்று அலுத்துக்கொள்வது அநியாயம்.

ஆனால் அன்றைக்கு என்ன கூத்து என்றுகூடக் கேட்காமல் போய் உட்காரக் கூடாது. கர்ணன் சாவைச் சொல்லும் கர்ண மோட்சம் என்றால் கர்ணனின் மனைவி பொன்னுருவி வருவாள். வியாச பாரதத்தில் தேடினால் அவள் கிடைக்கமாட்டாள், கூத்திலோ அவள் இல்லாமல் கர்ணன் இல்லை. போருக்குப் புறப்படும் புருஷனோடு குலம் கோத்திரம் பேசிச் சண்டை போடுவாள். இந்தக் கூத்தைக் கருமாதி வீட்டிலும் வைப்பதுண்டு. துக்க வீட்டில் கட்டியங்காரன் அடிக்கிற ஜோக்குக்குச் சிரிப்பதா என்று யோசிக்க வேண்டாம், துக்கப்பட்டவர்களும் சிரிப்பார்கள்.

கட்டியங்காரன் வந்தால் டீ குடிக்கக் கிளம்புவது இன்னொரு தவறு. அவர் வெறும் கோமாளி இல்லை. ராஜாவிடம் கேள்வி கேட்டுக் கதையை நகர்த்துபவர், ஊர் விவகாரத்தையும் ராஜா முகத்துக்கு நேராகவே இழுத்து விடுபவர் அவர்தான். நடுவில் யாராவது நூறு ரூபாய் அன்பளிப்புக் கொடுத்தால் ஆட்டத்தை நிறுத்திப் பெயரை அறிவிப்பார்கள். உச்சுக் கொட்டாதீர்கள், கலைஞர்களின் வரும்படியில் அதுவும் சேர்த்தி.

வேஷம் கட்டுவதைப் பார்க்கலாம், ஆனால் கேட்டுவிட்டுப் போங்கள். கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்து செல்ஃபி எடுப்பதெல்லாம் கூடவே கூடாது. ஆட்டத்தின்போது முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிப்பதும் அப்படித்தான்.

கூத்து என்றால் ராத்திரிதான் என்று நினைத்துப் படுகளம் என்கிற போர்க்கள நிகழ்ச்சியைக் கோட்டைவிடுபவர்கள் அதிகம். கடைசி நாள் பகலில், களிமண்ணால் செய்து படுக்கவைத்த பிரம்மாண்டமான துரியோதனன் உருவத்தைச் சுற்றி வீமன், துரியோதனன் வேஷம் கட்டியவர்கள் ஓடுவார்கள். திரௌபதி கூந்தல் முடிவதும் அங்கேதான். வெயில் மண்டையைப் பிளக்கும். தண்ணீர் பாட்டிலும் தலைக்கு ஒரு துண்டும் எடுத்துக்கொண்டு, கூட்டம் சேருமுன் மேடான இடமாகப் பார்த்து நின்றுவிடுங்கள்.