மரத்துப்போன பாதத்தில் செல்கள் மடியாமல் காப்பது எப்படி?

சர்க்கரை நோயிலோ தொழுநோயிலோ மரத்துப்போன உள்ளங்காலில் புண் வந்தால், நோயே சதையை அரிப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை வலி தெரியாததால் நேரும் காயங்களே என்பதை, 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் தொழுநோயாளர்களிடம் கண்டு காட்டினார்கள்.

செல் சாகும் விதத்தை முதலில் அறிந்துகொள்ளுங்கள். ஓரிடத்தில் அழுத்தம் நீடித்தால் நுண்குழாய்களில் இரத்த ஓட்டம் நிற்கிறது; ஆக்சிஜன் கிடைக்காத செல்லில் ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறு குறைந்து, சோடியத்தை வெளியேற்றும் பம்ப் ஓய்ந்து, நீர் உட்புகுந்து செல் வீங்குகிறது. இந்தக் கட்டத்தில் அழுத்தத்தை நீக்கினால் அது பிழைத்துக்கொள்ளும். தாமதித்தால் கால்சியம் உள்ளே பெருகிச் சவ்வு கிழியும். வெளியே கசியும் நொதிகள் பக்கத்துத் திசுவையும் கெடுக்கும். வலி உணர்வு உள்ளவர் இதற்கு வெகுமுன்பே தம்மையறியாமல் காலை மாற்றி ஊன்றிவிடுவார்.

நடையில் ஒரே இடம் திரும்பத் திரும்ப அழுந்தும்போது, தோல் உடையும் முன்பே உள்ளே அழற்சி தொடங்கி அவ்விடம் சுடும். ஆகவே தினமும் மாலையில் சற்று ஓய்ந்தபின், பெருவிரலின் அடிப்பகுதி, சுண்டுவிரலின் அடிப்பகுதி, குதிகால் ஆகியவற்றை இரு பாதங்களிலும் புறங்கையால் தொட்டு ஒப்பிடுங்கள். தொழுநோயில் கையும் மரத்திருக்கலாம் என்பதால், தொழுநோயாளர்கள் வீட்டில் ஒருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்வதே நல்லது. தோல் வெப்பமானியில் 2.2 டிகிரி செல்சியஸ் வேறுபாடு எச்சரிக்கையாகக் கொள்ளப்படுகிறது. சூடு தணியும்வரை அந்தக் காலை ஊன்றாதீர்கள்.

வெப்பம் இன்னும் விரைவாகக் கொல்லும். 60 டிகிரியில் சில நொடிகளிலேயே செல்லின் புரதங்கள் உறைந்துவிடும். அக்கினி நட்சத்திரத்தில் வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரரைத் தரிசிக்க விரும்புவோர், கல்தளம் காயுமுன் விடியற்காலையிலேயே சென்று திரும்புங்கள். வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம்.

வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். என்னும் மென்மையான நுண்துளை ரப்பர் செருப்பு அணியுங்கள், அணியுமுன் முள், கல் இருக்கிறதா என்று உள்ளே பாருங்கள். காய்ப்பைப் பிளேடால் சீவாதீர்கள், அதன் அடியில் புண் மறைந்திருக்கக்கூடும். தோல் கறுத்தாலோ நீர் கசிந்தாலோ அங்கே செல்கள் ஏற்கெனவே மடிந்திருக்கலாம்; வலிக்கவில்லையே என்று காத்திராமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.