ஆங்கிலம் படித்தும் கிராமர் ஏன் ஒட்டவில்லை?

தினமும் இங்கிலீஷ் பேப்பர் படி, கிராமர் தானாக வரும் என்று சொல்லாத வாத்தியார் சென்னையில் இல்லை. வருடக்கணக்கில் படித்தும் வராதவர்களும் நிறையப் பேர். செய்தி புரிந்த உடனே கண் அடுத்த வரிக்குத் தாவிவிடுவதுதான் சிக்கல். 'தி', 'ஹேஸ்', 'வேர்' (were) எதையும் கவனிக்காமலே ஒரு பக்கத்தைப் படித்துப் புரிந்துகொள்ளலாம். நாம் எழுதும்போது சறுக்குவது அந்தச் சின்னச் சொற்களில்தான்.

பெரிய தவறு, தலைப்பைப் பார்த்து வாக்கியம் பழகுவது. 1878-இல் இதே ஊரில் தொடங்கிய 'தி இந்து'வானாலும் சரி, வேறெந்த பேப்பரானாலும் சரி, தலைப்புக்கென்று தனி இலக்கணம் உண்டு. 'பஸ் ஹிட்ஸ் பைக், டூ இன்ஜர்ட்' என்று தலைப்பு போடுவார்கள். நடந்து முடிந்த விபத்துக்கு நிகழ்காலம், 'எ' கிடையாது, 'வேர்' கிடையாது. கீழே செய்திக்குள் போனால், 'எ பஸ் ஹிட் எ பைக் இன் கிண்டி ஆன் மண்டே, அண்ட் டூ பீப்பிள் வேர் இன்ஜர்ட்' என்று முழுசாக இருக்கும். பயிற்சியையும் இங்கிருந்தே எடுக்கலாம். தலைப்பை மட்டும் பார்த்து முழு வாக்கியமாக எழுதுங்கள், பிறகு முதல் பத்தியோடு ஒப்பிடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று தலைப்பு போதும்.

டென்ஸ் (காலம்), ஆர்ட்டிகிள், ப்ரெபொசிஷன் ('in', 'on' போன்ற சொற்கள்) எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பிடிக்கப் பார்ப்பது அடுத்த தவறு. வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்ட்டிகிள் வாரம் என்றால் 150 வார்த்தை அளவில் ஒரு செய்தியை நோட்டில் எழுதி, 'எ', 'ஆன்' (an), 'தி' வரும் இடங்களில் கோடு மட்டும் போடுங்கள். ஒரு கண்ணி: ஆர்ட்டிகிளே வராத சில பெயர்ச்சொற்களுக்கு முன்னாலும் கோடு போட்டு வையுங்கள். இல்லையென்றால் கோட்டைக் கண்டதும் எதையாவது நிரப்பத்தான் கை போகும். மறுநாள் நிரப்பி, பேப்பரோடு ஒப்பிடுங்கள். அன்றைக்கே செய்தால் ஞாபகத்தில் இருந்து எழுதுவீர்கள், அது பயிற்சி ஆகாது.

தப்பானதைத் திருத்திவிட்டு விடாதீர்கள், பக்கத்தில் காரணம் எழுதுங்கள். மழைக்காலச் செய்திகளில் 'தி அடையாறு' என்று வந்தால் ஆறு, வெறும் 'அடையாறு' என்றால் ஏரியா. ஆற்றின் பெயருக்கு 'தி' உண்டு, ஊர்ப் பெயருக்குப் பொதுவாகக் கிடையாது. முதலில் 'எ மேன்' என்று வந்த ஆள் இரண்டாம் வாக்கியத்தில் 'தி மேன்' ஆகிவிடுவார், ஏனென்றால் இப்போது யாரென்று நமக்குத் தெரியும்.

டென்ஸில் நம்மை ஏமாற்றுவது தமிழ்தான். 'நேற்று வந்திருக்கிறார்' என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம். அதை அப்படியே ஆங்கிலத்துக்குத் தூக்கிப் போனால் 'ஹி ஹேஸ் கம் யெஸ்டர்டே' ஆகிறது, தவறு. முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் 'ஹேஸ்' நிற்காது, 'ஹி கேம் யெஸ்டர்டே'தான். செய்திகளில் இதை அடிக்கடி பார்க்கலாம்: முதல் வாக்கியம் 'தி கவர்ன்மென்ட் ஹேஸ் அனவுன்ஸ்ட்' என்று தொடங்கும், கிழமை சொல்லும் அடுத்த வாக்கியம் 'தி ஆர்டர் வாஸ் இஷ்யூட் ஆன் டியூஸ்டே' என்று மாறும். பென்சிலால் 'ஹேஸ்', 'ஹாவ்' வரும் இடங்களில் வட்டம் போட்டு, பக்கத்தில் நேற்று, 2019, போன வாரம் போன்ற நேரச்சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். அநேகமாக இருக்காது. 'சின்ஸ் 2019' வந்தால் குழம்ப வேண்டாம், அது இன்றுவரை நீளும் நேரம், அதனால் 'ஹேஸ்' சரி.

புத்தகத் தேர்விலும் கோட்டை விடுகிறோம். லஸ் பக்கம் பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைத்தது என்று 19-ஆம் நூற்றாண்டு நாவலோடு ஆரம்பித்தால், இன்று யாரும் எழுதாத வாக்கியங்கள்தான் பழகும். நூறு வார்த்தையில் ஐந்துக்கு மேல் தெரியாவிட்டால் அதை வைத்துவிடுங்கள், அர்த்தம் தேடுவதிலேயே மூளை களைத்துவிடும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர் பிரிவு இருக்கிறது. வெட்கப்படாமல் அங்கே உள்ள ஆங்கிலப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். எளிய வாக்கியத்தில்தான் இலக்கணம் கண்ணில் படும். கதைகளில் மேற்கோள் குறிக்குள் வரும் பேச்சை மாதிரியாக எடுக்காதீர்கள், பாத்திரத்துக்கு ஏற்றபடி ஆசிரியர் வேண்டுமென்றே இலக்கணத்தை உடைத்திருப்பார். வாட்ஸ்அப் ஃபார்வேர்டு பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கடைசித் தவறு, பேப்பரை மூடி வைத்த பிறகு எழுதாமல் விடுவது. படித்த செய்தியிலிருந்து அந்த வாரத்து இலக்கண விஷயம் வரும்படி ஐந்து வாக்கியம் எழுதுங்கள், உங்கள் சொந்த விவரத்தோடு. 'டிஸ்கஸ் அபவுட்' என்று தவறாக எழுதியிருந்தால், 'அபவுட்' இல்லாமல் 'டிஸ்கஸ்' வரும் ஒரு வரியை அதே பேப்பரில் தேடிப் பிடித்து, கீழே எழுதி வையுங்கள்.