ரப்பர் கலந்த சுவர் சத்தத்தை உறிஞ்சுமா?

பழைய டயர்த் துகளைக் கான்கிரீட்டில் கலந்துவிட்டால் சுவர் சத்தத்தைக் குடித்துவிடும் என்று நம்புகிறவர்கள் சென்னையின் ஜிஎஸ்டி நெடுஞ்சாலையோரத்து அடுக்ககங்களில் இருக்கிறார்கள். குடிக்காது. உறிஞ்சும் வேலையைப் பெரும்பாலும் செய்வது துளைகள்தான். ஒன்றோடொன்று தொடர்புள்ள நுண்துளைகளுக்குள் காற்று உரசும்போது ஒலி வெப்பமாகிறது. ரப்பர் துகளைக் கெட்டியான கலவையில் புதைத்தால் எடை குறையும், அதிர்வு கொஞ்சம் அடங்கும், வலிமையும் இறங்கும். ஆனால் முகப்பு வழுவழுப்பாக இருந்தால் லாரிச் சத்தம் அதில் பட்டுத் தெறித்து எதிர்வரிசை வீட்டுக்குப் போய்ச் சேரும். ஆகவே சாலையைப் பார்க்கும் பக்கத்துக்கு, மணலை மிகவும் குறைத்து, ஒரே அளவான சிறுஜல்லியோடு ரப்பர் துகள் சேர்த்த துளைக் கான்கிரீட் வேண்டும். அதற்குப் பின்னால் கெட்டியான கான்கிரீட் நிற்க வேண்டும்.

இதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டு, சுவர் சொரசொரவென்று இருக்கிறதே என்று மேஸ்திரியை விட்டுச் சாந்து பூசிப் பெயின்டும் அடித்துவிடுகிறார்கள். துளை அடைந்த பிறகு அது வெறும் காம்பவுண்ட் சுவர். சுவரொட்டி ஒட்டுபவர்களும் தங்கள் பங்குக்கு இதே கைங்கரியத்தைச் செய்வார்கள்.

இந்தச் சுவருக்கான ஜல்லியை இடிபாட்டிலிருந்து எடுக்க நினைத்தால், சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டட இடிபாடுகளை அரைக்கும் மாநகராட்சி ஆலைகள் உள்ளன. இடிபாட்டு ஜல்லியில் பழைய சாந்து ஒட்டியிருப்பதால் அது தண்ணீரை இழுக்கும். உலர்ந்தபடி கொட்டினால் கலவை இறுகும், உடனே ஆள் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுவார், வலிமை போய்விடும். முன்கூட்டியே நனைத்து, மேலீரம் வடிந்தபின் கலக்க வேண்டும். அளவிலும் ஆசை கூடாது. கான்கிரீட் ஜல்லிக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 383:2016-இன்படி, கம்பி கட்டிய கான்கிரீட்டில் எம்25 என்ற வலிமைத் தரம் வரைதான் இதற்கு அனுமதி. அதிலும் பெருஜல்லியில் 20 சதவீதத்துக்கு மேல் கூடாது. கம்பியில்லாததில் 25 சதவீதம். செங்கல் கலந்த இடிபாடு என்றால், சிமென்ட் குறைந்த மெலிந்த கான்கிரீட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சாலையையே துளைக் கான்கிரீட்டால் போடலாமே என்றால், அது டயர் உரசும் சத்தத்தைக் குறைக்கும். ஹாரனை ஒன்றும் செய்யாது. வடகிழக்குப் பருவமழை கொண்டுவரும் சேறு துளைகளை அடைத்துவிடும், சுத்தம் செய்ய ஆளும் கருவியும் வேண்டும்.

கலவைக்குக் காட்டும் அக்கறையை உயரத்துக்குக் காட்டாததும் தவறு. வீட்டு ஜன்னலிலிருந்து சாலை தெரியாதபடி மறைத்தால்தான் ஏறக்குறைய 5 டெசிபல் குறையும். நடுவில் கேட்டுக்காக விட்ட இடைவெளி அதிலும் பாதியைத் தின்றுவிடலாம். மூன்றாம் மாடிக்காரரிடம் இந்தச் சுவருக்குப் பங்குத்தொகை கேட்பது நியாயமே அல்ல.