ஊர் வீட்டின் பழைய மின்னிணைப்புகள்: வன்னிக்குச் செல்வோர் முதல் நாளே பார்க்க வேண்டியவை

வெளிநாடுகளிலிருந்து வன்னிக்குப் போகும் நம்மில் பலர் ஆடி, ஆவணி மாதங்களிலேயே போகிறோம். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும் மடுத் திருவிழாவும் அப்போதுதான் வருகின்றன. மண் காய்ந்து வெடித்துக் கிடக்கும் அந்தக் காலத்தில் ஊர் வீட்டின் மின் பாதுகாப்பும் குறைந்துவிடுகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. இரண்டு மின்விசிறி, நாலு மின்குமிழ், ஒரு தொலைக்காட்சி என்ற கணக்கில் வயரிங் செய்யப்பட்ட வீட்டுக்குள் கேத்தில், மின்னழுத்தி, தலைமுடி உலர்த்தி, குளிரூட்டி என்று கொண்டுபோய்ச் சேர்க்கிறவர்கள் நாமே. ஆகவே அந்த வயரிங்கைச் சோதித்துத் திருத்தும் செலவையும் நாமே ஏற்க வேண்டும்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இன்று நாம் தங்கும் வீடுகளில் பெரும்பாலானவை 2009இற்குப் பின்னர், மீள்குடியேற்றத்தோடு எழுந்தவை. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது 550,000 ரூபாய். சுவரும் கூரையும் முடிந்த பிறகு மிஞ்சிய காசில் வயரிங் செய்த வீடுகளில், மெல்லிய வயரும் மலிவான சுவிச்சும் அப்படியே இருக்கின்றன. வவுனியா, மன்னார்ப் பக்கத்துப் பழைய வீடுகளிலோ, உருகுகம்பி எரிந்த இடத்தில் தடித்த செப்புக் கம்பியைச் சுற்றி வைத்த பீங்கான் பியூஸ் கட்டைகளை இன்னும் காணலாம். அப்படிச் சுற்றிய பியூஸ் எரியாது. அதற்குப் பதிலாகச் சுவருக்குள் ஓடும் வயர்தான் எரியும்.

வீட்டுக்குள் போனதும் முதலில் பார்க்க வேண்டியது ட்ரிப் சுவிச், அதாவது மின்கசிவு ஏற்பட்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் காவல். அது இருக்கிறதா, அதன் மேல் 30 மில்லி ஆம்பியர் என்ற அளவு பொறிக்கப்பட்டிருக்கிறதா, சோதனைப் பொத்தானை அழுத்தியவுடன் விழுகிறதா என்ற மூன்றையும் பாருங்கள். அழுத்தியும் விழாத ட்ரிப் சுவிச்சை அன்றே மாற்ற வேண்டும். மாரி காலத்தில் அடிக்கடி விழுகிறது என்று அதைத் தாண்டி நேரே வயர் கொடுத்திருக்கும் வீடுகளும் உண்டு. அது அடிக்கடி விழுவது எங்கோ மின்கசிவு இருப்பதற்கான அறிகுறி. கசிவைத் தேடாமல் காவலை அகற்றுவது உயிரோடு விளையாடுவது.

ஆனால் அந்தப் பொத்தான் எர்த்தை, அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பை, சோதிப்பதில்லை. எர்த் அறவே இல்லாத வீட்டிலும் பொத்தானை அழுத்தினால் ட்ரிப் விழும் என்பதால், எர்த்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். நமது ஊர்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் வளவில் அடித்த கம்பிதான் எர்த். குசினிச் சுவரோரம் அல்லது மீற்றருக்குக் கீழே அதைத் தேடிப் பாருங்கள்: பிடி துருவேறி, பச்சை வயர் மண்வெட்டி பட்டு அறுந்து, கம்பியில் ஆட்டுக்கயிறு கட்டியிருக்கும் நிலையிலும் அது இருக்கக்கூடும். கம்பி சரியாக இருந்தாலும், காய்ந்த மண் மின்சாரத்தை எளிதில் வாங்காது. எர்த்தின் தடை 100 ஓம் என்றால், குளிர்சாதனப் பெட்டியின் உடலில் 230 வோல்ட் பட்டாலும் மண்ணுக்குள் போவது 2.3 ஆம்பியர் மட்டுமே. அதற்கு 5 ஆம்பியர் பியூஸ்கூட எரியாது. பெட்டியின் கதவு உயிர் மின்சாரத்தோடு அப்படியே நிற்கும்; வெறுங்காலோடு வந்து தொடுகிற பிள்ளையின் உடல் வழியாக அது இறங்கும். அதே வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிச் ஒன்று சரியாக இருந்தால், ஒரு நொடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். வீட்டுக்குப் புதுச் சாயம் அடிக்க ஒதுக்கிய பணம் இருந்தால், அதில் முதல் பங்கை இதற்குக் கொடுங்கள். எர்த் தடையை அளக்கும் கருவி வைத்திருக்கும், தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெற்ற மின்னியலாளரையே அழைத்து, அளந்த எண்ணை எழுதி வாங்குங்கள்.

அடுத்தது பிளக். உருண்டைக் கால் கொண்ட பழைய 5 ஆம்பியர் பிளக் தளங்கள் 1,150 வாற்றுக்கு மேல் தாங்கமாட்டா. நாம் கொண்டுபோகும் கேத்தில் 2,000 முதல் 3,000 வாற் வரை இழுக்கும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் தளர்ந்த இணைப்பில் எழும் வெப்பம் நான்கு மடங்காகும். துளையைச் சுற்றிப் பிளாஸ்ரிக் பழுப்பாகியிருந்தால், அல்லது மீன் கருகுவது போன்ற மணம் வந்தால், அந்தத் தளத்தை அதற்குமேல் பயன்படுத்தக் கூடாது. இலங்கையில் இப்போது தேசியத் தரம் 13 ஆம்பியர் சதுரக் கால் பிளக்; எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தர முத்திரையுள்ளதை வாங்கி மாற்றுங்கள், கூடவே அதற்குப் போகும் வயரின் தடிப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். தளத்தை மட்டும் மாற்றினால் சூடு சுவருக்குள் போய்விடும்.

பிரான்ஸ், ஜேர்மனி, நோர்வேயிலிருந்து போகிறவர்கள் ஈர்க்கையோ பேனையையோ எர்த் துளைக்குள் குத்தி, மூடியைத் திறந்து, இரண்டு கால் பிளக்கைச் செருகுவதை நாமெல்லோரும் பார்த்திருக்கிறோம். தயவுசெய்து இனி அதைச் செய்ய வேண்டாம், பிள்ளைகள் பார்க்க அறவே வேண்டாம். எர்த் தேவைப்படும் கருவி அங்கே எர்த் இல்லாமல் ஓடுகிறது. கால்கள் தளர்வாக நின்று தீப்பொறியும் பறக்கும். கனடாவிலிருந்து போகிறவர்கள் கருவியின் அடியில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்தே செருக வேண்டும். கனடாவின் 120 வோல்ட் கருவி ஊரின் 230 வோல்ட்டில் எரிந்துபோகும்.

மின்வேலை தெரிந்தவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. கனடாவில் கறுப்பு வயரில்தான் மின்சாரம் வரும். ஊரின் பழைய வயரிங்கில் சிவப்பில் மின்சாரம், கறுப்பு நடுநிலை. புதியதில் மண்ணிறமும் நீலமும். ஒரே வீட்டில் இரு முறையும் கலந்திருக்கும். நிறத்தை நம்பிக் கைவைக்க வேண்டாம். மெயினை நிறுத்தி, சோதனைக் கருவியால் பார்த்த பின்னரே தொடுங்கள்.

நெடுநாள் பூட்டிக் கிடந்த வீடாக இருந்தால், ஆளை வைத்துப் பார்த்த பின்னரே மெயினைப் போடுங்கள். பிளக் துளைக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும், கூரைக்குள் எலியும் அணிலும் வயரைக் கடித்திருக்கும். கிணற்று மோட்டருக்குப் போகும் வயர் வெயிலில் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்; ஈரக் காலோடு அதனருகில் நிற்கிறோம்.

2022இல் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தபோது வாங்கிய ஜெனரேற்றர் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. இரு முனையிலும் பிளக் பூட்டிய வயரால் அதை வீட்டு வயரிங்கோடு இணைத்தால், மின்சாரம் வெளிக் கம்பிக்கும் ஏறி, இணைப்பைத் திருத்த வந்த ஊழியரைக் கொல்லக்கூடும். வெளி இணைப்பும் ஜெனரேற்றரும் ஒரே நேரத்தில் சேராமல் தடுக்கும் மாற்றுச் சுவிச் இல்லாமல் இணைக்க வேண்டாம்.

காட்டோர ஊர்களில் பன்றிக்கும் யானைக்கும் என்று வீட்டு மின்சாரத்தைச் சட்டவிரோதமாக வேலிக் கம்பியில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். இருட்டில் பிறர் தோட்டத்துக் கம்பியைத் தாண்டாதீர்கள்.

ஒருவருக்கு மின்சாரம் தாக்கினால் அவரைத் தொடாமல் மெயினை நிறுத்துங்கள். அது முடியாவிட்டால் காய்ந்த தடியால் வயரைத் தள்ளிவிடுங்கள். அம்புலன்ஸ் 1990, மின்சார சபை 1987. இரண்டு எண்களையும் மீற்றர்ப் பெட்டிக்குப் பக்கத்தில், வீட்டிலிருக்கும் அம்மம்மா வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள்.