சைபர் செக்யூரிட்டியில் எம்.டெக். போகிறீர்களா? கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள்களுக்குச் சில வார்த்தைகள்

கோபி, பொள்ளாச்சிப் பக்கமிருந்து யாராவது கூப்பிட்டு "சைபர் செக்யூரிட்டியில் எம்.டெக். பண்ணலாமுங்களா?" என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்பது "கேட் எழுதியாச்சா?" என்றுதான். கேட் என்பது எம்.டெக். சேர்வதற்கான அகில இந்தியத் தேர்வு. கம்ப்யூட்டர் சயின்ஸ் தாள், 3 மணி நேரம், 100 மதிப்பெண், பிப்ரவரியில் நடக்கும், ஸ்கோர் 3 வருடம் செல்லும். அந்த ஸ்கோரோடு ஏ.ஐ.சி.டி.இ. (தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பு) அங்கீகாரமுள்ள இடத்தில் முழுநேரமாகச் சேர்ந்தால், விதிகளுக்கு உட்பட்டு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை, 24 மாதம் வரை. ஹாஸ்டல் செலவில் பாதிக்கு மேல் அதிலேயே ஓடிவிடும். கேட் இல்லாதவர்கள் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சீட்டா நுழைவுத் தேர்வு எழுதலாம், ஆனால் இந்தப் பணம் வராது.

எங்கே சேர்வது? வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் வேண்டுமென்றால் எட்டிமடை அம்ரிதா பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே எம்.டெக். இருக்கிறது. ஊரைவிட்டுப் போகத் தயார் என்றால் ஐ.ஐ.டி. கான்பூர். மற்றபடி பெயர்ப்பலகையைப் பார்த்து ஏமாறாதீர்கள், சிலபஸை இறக்கி உட்கார்ந்து படியுங்கள். கிரிப்டோகிராபியும் (தகவலைப் பூட்டி மறைக்கும் முறைகள்) ஆப்பரேட்டிங் சிஸ்டமும் நெட்வொர்க்கும் அழுத்தமாக இல்லாமல் டூல் பெயர்களாகவே நிரம்பியிருந்தால் வேறு இடம் பாருங்கள். நான் படித்த இடத்தில் லேப் என்றால் ரெக்கார்டு நோட்டில் ஸ்கிரீன்ஷாட் ஒட்டுவதுதான், அதுவும் சீனியருடைய ஸ்கிரீன்ஷாட்.

சேருவதற்கு முந்தைய ஆறு மாதத்தில் லினக்ஸ் கமாண்ட் லைன் கைக்கு வந்துவிட வேண்டும். ஓவர்தவயர் தளத்தில் பேண்டிட் என்றொரு விளையாட்டு இருக்கிறது, இலவசம், அதை முடியுங்கள். அப்புறம் பைத்தான், நெட்வொர்க்கில் ஓடும் தகவலைப் பிடித்துப் பார்க்கும் வயர்ஷார்க், கொஞ்சம் மாடுலர் கணக்கு (வகுத்து வரும் மீதியை வைத்துச் செய்வது). சரி, இது எல்லோரும் சொல்வதுதான்.

நம்மவர்கள் கோட்டைவிடுவது ப்ராஜெக்டில். எங்கிருந்தோ ஒரு டேட்டாசெட்டை இறக்கி, மெஷின் லேர்னிங்கில் போட்டு, 99 சதவீதம் சரியாகக் கண்டுபிடிக்கிறது என்று எழுதிக் கொடுக்கிறார்கள். சுற்றிலும் ஸ்பின்னிங் மில் இருக்கும்போது அது எதற்கு? மெஷின்களை ஓட்டும் பி.எல்.சி. என்ற சின்னக் கம்ப்யூட்டர்களில் மோட்பஸ் என்ற தகவல் பரிமாற்ற முறை இன்னும் புழங்குகிறது. 1979-இல் வந்தது. அதில் பாஸ்வேர்டு என்ற பேச்சே கிடையாது, அதே நெட்வொர்க்கில் இருக்கும் எவனும் "மோட்டாரை நிறுத்து" என்று கட்டளை அனுப்பலாம், பி.எல்.சி. மறுபேச்சுப் பேசாமல் கேட்கும். பழைய பி.எல்.சி. ஒன்று வாங்கி மேஜைமேல் வைத்தாலே ஒரு தீசிஸுக்கு விஷயம் இருக்கிறது.

திருப்பூரில் இன்னொன்று. பனியன் கம்பெனி வைத்திருக்கும் என் மாமாவிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு, மாமா எழுதியதுபோலவே ஒரு மெயில் போனது: "பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது, பணத்தை இதில் போடுங்கள்." முகவரியை உற்றுப் பார்த்தால் ஆங்கில எம் இருக்கவேண்டிய இடத்தில் ஆர், என் இரண்டும் ஒட்டி நிற்கின்றன. பையர் போனைப் போட்டுக் கேட்டதால் தப்பித்தார். இதுபோன்ற போலி டொமைன்களைக் கண்டுபிடிப்பது, ஏற்றுமதிக் கம்பெனிகள் தங்கள் டொமைன் பெயரில் வேறு யாரோ மெயில் அனுப்புவதைத் தடுக்க உதவும் எஸ்.பி.எஃப்., டிமார்க் பதிவுகளை வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது, எல்லாமே அருமையான ப்ராஜெக்ட். அந்தப் பதிவுகள் டி.என்.எஸ்.ஸில் (இணையப் பெயர்களின் முகவரிப் புத்தகம்) பொதுவில் இருப்பவை, பார்ப்பதில் தப்பில்லை.

ஆனால் மில்லின் நெட்வொர்க்கில் கை வைப்பதென்றால் முதலாளி "பாத்துக்கலாம் தம்பி" என்று சொன்னது போதாது. எந்த மெஷின், எந்தத் தேதி, என்னென்ன சோதனை என்று லெட்டர்பேடில் எழுதி, கையெழுத்தும் சீலும் வாங்குங்கள், ஒரு நகல் கைடிடம் இருக்கட்டும். அனுமதியில்லாமல் நுழைந்து சிக்கினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆம் பிரிவில் 3 வருடம் வரை சிறை போகலாம். சோதனையை மில்லின் வார விடுமுறையில் வைத்துக்கொள்ளுங்கள், ஓடுகிற மெஷின் நின்றால் மேஸ்திரியிடம் பதில் சொல்ல முடியாது.