கோப்பை அழிக்கும் நிரல்: இயங்குதளம் மாறினால் உடையும் இடங்கள்

லினக்ஸில் எழுதி லினக்ஸிலேயே சோதித்த நிரலை விண்டோஸில் ஓட்டினால், அடிக்கடி மண்ணைக் கவ்வுவது கோப்பை அழிக்கும் வரிதான். படிப்பதும் எழுதுவதும் எங்கும் ஏறக்குறைய ஒன்றுபோல நடக்கும். அழிப்பது அப்படி இல்லை. யுனிக்ஸ் வழியில் வந்த லினக்ஸும் மேக்ஓஎஸ்ஸும் ஃபோல்டரில் இருக்கும் பெயரை மட்டும் நீக்கும். அந்தக் கோப்புக்கு வேறு பெயரும் இல்லை, யாரும் அதைத் திறந்து வைத்திருக்கவும் இல்லை என்றால்தான் உள்ளே இருக்கும் தரவு போகும். விண்டோஸ் இவ்வளவு தாராளம் இல்லை. யாராவது திறந்து வைத்திருந்தால் பொதுவாக மறுத்துவிடும்.

அதனால், திறந்திருக்கும் கோப்பை அழிப்பதுதான் இதில் தலையாய தவறு. தற்காலிகக் கோப்பைத் திறந்த கையோடு அன்லிங்க் செய்துவிட்டு (அதாவது பெயரை நீக்கிவிட்டு), அதன் பிறகும் எழுதிக்கொண்டே இருப்பது யுனிக்ஸில் பழைய உத்தி. நிரல் பாதியில் செத்தாலும் குப்பை மிஞ்சாது. இதையே விண்டோஸில் செய்தால் 'வேறொரு ப்ராசஸ் இந்தக் கோப்பைப் பயன்படுத்துகிறது' என்று எரர் 32 வரும். கோப்பைத் திறந்தவர்கள் எல்லோரும் 'நான் வைத்திருக்கும்போதே பிறர் அழிக்கலாம்' என்று திறக்கும்போதே அனுமதி கொடுத்திருந்தால் மட்டும் விண்டோஸ் விடும். சி மொழியில் கோப்பைத் திறக்கும் எஃப்ஓப்பன் ஃபங்ஷனில் வழக்கமாகத் திறக்கும் கோப்புக்கு அந்த அனுமதி கிடையாது. சி தரநிலையும் இதில் கைகொடுக்காது: திறந்த கோப்பில், அழிக்கும் ஃபங்ஷனான ரிமூவ் என்ன செய்யும் என்பதை அந்தந்த அமைப்பின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது.

சரி, அனுமதி கொடுத்தால் தீர்ந்ததா? அதுவும் இல்லை. விண்டோஸின் பழைய நடத்தையில் கோப்பு 'அழிக்கப்பட வேண்டியது' என்ற குறியோடு காத்திருக்கும்; கடைசி ஆள் மூடும்வரை பெயர் போகாது. அழித்தது வெற்றி என்று நம்பி அதே பெயரில் புதுக் கோப்பு உருவாக்கப் போனால், அனுமதி இல்லை என்று பதில் வரும். விண்டோஸ் 10இன் பிந்தைய பதிப்புகளில், விண்டோஸின் வழக்கமான கோப்பு அமைப்பான என்டிஎஃப்எஸ் உள்ள வட்டில் பெயர் உடனே போகும்படி யுனிக்ஸ் பாணி அழிப்பு வந்திருக்கிறது. அதை நம்பி நிரல் எழுத வேண்டாம் என்பது என் கருத்து. முதலில் மூடு, அப்புறம் அழி. பைத்தானில், முடிந்ததும் கோப்பைத் தானாக மூடும் வித் பிளாக்குக்கு வெளியே அழிக்கும் வரி இருக்கட்டும். மூட மறந்த கோப்புகளை லினக்ஸ் கண்டுகொள்ளாமல் விடுவதால்தான் இந்தப் பிழைகள் நெடுநாள் மறைந்து கிடக்கின்றன.

எதிர்த்திசையிலும் ஒரு சறுக்கல் உண்டு. லினக்ஸ் சர்வரில் பெரிய லாக் கோப்பை (நிரல் தன் நடவடிக்கைகளைப் பதிவுசெய்யும் கோப்பு) அழிப்பார்கள், வட்டில் இடம் மட்டும் திரும்பாது. எழுதிக்கொண்டிருக்கும் நிரல் அதை இன்னும் திறந்தே வைத்திருக்கும். எந்த நிரல் என்று, திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளை காட்டும்.

நாம் ஒழுங்காக மூடினாலும் விண்டோஸில் ஆன்டிவைரஸோ தேடல் இன்டெக்ஸரோ அந்தக் கணத்தில் கோப்பைப் பிடித்திருக்கலாம். சிறு இடைவெளி விட்டுச் சிலமுறை மறுபடி முயல்வது இங்கே அசிங்கமல்ல, தேவை. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸின் ஃபோல்டர் அழிப்பு வசதியில் மறுமுயற்சி எண்ணிக்கைக்கென்றே ஒரு அமைப்பு இருக்கிறது.

அடுத்தது, 'எழுத அனுமதி இருக்கிறதா' என்று கோப்பைப் பார்த்துவிட்டு அழிப்பது. யுனிக்ஸில் அழிக்கும் உரிமை ஃபோல்டரைப் பொறுத்தது. படிக்க மட்டுமான கோப்பையும் அழித்துவிடலாம். விண்டோஸில் ரீட்-ஒன்லி குறி இருந்தால் சாதாரண அழிப்பு தோற்கும். நிரலின் பதிப்புகளைக் காக்கும் கிட் மென்பொருள், தான் சேமிக்கும் ஆப்ஜெக்ட் கோப்புகளைப் படிக்க மட்டும் என்றுதான் வைக்கிறது. அதனால் கிட்டில் க்ளோன் செய்த (நகலெடுத்த) ஃபோல்டரை, ஃபோல்டரை முழுதாக அழிக்கும் பைத்தானின் ஆர்எம்ட்ரீயால் நீக்கும் ஸ்கிரிப்ட் லினக்ஸில் ஓடும், விண்டோஸில் நிற்கும். குறியை நீக்கிவிட்டு மறுபடி முயலும்படி எரர் கையாளும் ஃபங்ஷன் ஒன்றைக் கொடுக்க வேண்டும்.

'கோப்பு இருக்கிறதா' என்று முன்கூட்டியே கேட்பதும் வீண். கேட்டதற்கும் அழிப்பதற்கும் நடுவில் வேறொருவர் அழித்திருக்கலாம். நேராக அழியுங்கள், 'இல்லை' என்ற எரரை மட்டும் வெற்றியாகக் கொள்ளுங்கள். எல்லா எரரையும் விழுங்குவது வேறு கதை. ஜாவாவின் பழைய ஃபைல் வகுப்பில் டெலீட் காரணம் சொல்லாமல் ஃபால்ஸ் என்று மட்டும் தரும்; ஜாவா 7இல் வந்த ஃபைல்ஸ் வகுப்பின் டெலீட் காரணத்தோடு எக்செப்ஷன் எறியும்.

ஃபோல்டர் விஷயத்திலும் ஒற்றுமை இல்லை. போசிக்ஸ் (யுனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான தரநிலை) அமைப்புகளில் சி மொழியின் ரிமூவ் காலி ஃபோல்டரையும் அழிக்கும், விண்டோஸில் அழிக்காது. பைத்தானின் ஓஎஸ் ரிமூவிடம் ஃபோல்டரைக் கொடுத்தால் லினக்ஸில் 'இது ஃபோல்டர்' என்ற எக்செப்ஷன், மேக்கிலும் விண்டோஸிலும் 'அனுமதி இல்லை' என்ற எக்செப்ஷன். முதலாவதை மட்டும் பிடிக்கும் நிரல் மற்ற இரண்டிலும் விழும்.

உள்ளே புகுந்து புகுந்து அழிக்கும் நிரலைச் சொந்தமாக எழுதாதீர்கள். சிம்லிங்க்கை (வேறோர் இடத்தைச் சுட்டும் இணைப்பை) ஃபோல்டர் என்று நினைத்து உள்ளே போனால், எங்கோ இருக்கும் கோப்புகள் காலி. ஷெல் வழியாக, அழிக்கும் கட்டளையான ஆர்எம்மை அழைப்பதும் அப்படித்தான்: விண்டோஸின் கட்டளைச் சாளரமான சிஎம்டியில் அந்தக் கட்டளையே இல்லை, மற்ற இடங்களில் பெயரில் உள்ள ஓர் இடைவெளியே காலை வாரும்.

இன்னொன்று, சத்தமில்லாமல் தரவைத் தின்பது. பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தைச் சிறிய எழுத்தாக்கி, புதுப் பெயரில் எழுதிவிட்டுப் பழைய பெயரை அழிக்கிறீர்கள். லினக்ஸில் சரியாக நடக்கும். விண்டோஸும் வழக்கமான அமைப்பில் உள்ள மேக்கும் இரண்டு பெயரையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், ஆகவே இப்போது எழுதிய கோப்பே அழிந்துபோகும், எரரும் வராது. அழிக்கும் முன் இரண்டு பெயரும் ஒரே கோப்பைக் குறிக்கிறதா என்று பாருங்கள். பைத்தானில் அதற்கு சேம்ஃபைல் இருக்கிறது.