ஸ்மார்ட் மீட்டருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை: எங்கெல்லாம் சறுக்கும்?

திருநெல்வேலி பேட்டை தொழிற்பேட்டைப் பக்கத்து டீக்கடையில் ஓர் அண்ணாச்சி என்னிடம் ஃபைல் ஒன்றை நீட்டினார். மின்சார ஸ்மார்ட் மீட்டர் அசெம்பிளி தொடங்கப் போகிறார். "பேப்பர் எல்லாம் ரெடி, ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க" என்றார். உள்ளே மூன்று தாள்கள். சர்க்யூட் போர்டு தருகிற வடக்கத்திக் கம்பெனியின் பி.ஐ.எஸ். உரிம நகல், அதே கம்பெனியின் பழைய சோதனை அறிக்கை, அப்புறம் ஓர் ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழ்.

"இது அவங்க லைசென்ஸ் அண்ணாச்சி."

"அவங்க போர்டைத்தானே நான் மாட்டப் போறேன்?"

இந்தத் தொழிலில் நான் பார்த்த தவறுகளில் பாதி இந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. பி.ஐ.எஸ். என்கிற இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குத் தரும் உரிமம் மீட்டருக்கு மட்டுமானதல்ல. எந்தத் தொழிற்சாலையில், எந்தத் தரநிலைப்படி, எந்த வகை மீட்டர் என்று மூன்றையும் சேர்த்துக் கட்டித்தான் கொடுக்கிறார்கள். பத்தமடைப் பாயை அதே கோரையில் வேறு ஊரில் நெய்தால் அது பத்தமடைப் பாய் ஆகுமா? பேட்டையில் பெட்டியை மூடி சீல் வைத்தால் பேட்டை முகவரிக்குத்தான் உரிமம் வேண்டும். நாளைக்கே இடம் போதாமல் கங்கைகொண்டான் சிப்காட்டுக்கு மாறினாலும் அந்த உரிமம் லாரியில் கூடவே வராது. முத்திரை இடுவதை நிறுத்தி, பி.ஐ.எஸ்.ஸுக்குச் சொல்லி, புது இடத்தைப் பார்க்கச் செய்த பிறகுதான் வேலையைத் தொடர வேண்டும். ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் நல்லதுதான், ஆனால் அது நிர்வாக முறைக்கானது. மீட்டர் சரியாக ஓடுமா என்று அது சொல்லாது.

அடுத்தது எண் குழப்பம். ஸ்மார்ட் மீட்டருக்கான தரநிலை ஐ.எஸ். 16444. அதில் இரண்டு பகுதிகள். வீடு, கடை என்று நேரடியாக லைனில் மாட்டுகிற மீட்டர்களுக்கு 2015இல் வந்த முதல் பகுதி. மில், பெரிய ஆலை போன்ற இடங்களில் சி.டி. (பெரிய மின்னோட்டத்தைக் குறைத்து மீட்டருக்குத் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்து மாட்டுகிறவற்றுக்கு 2017இல் வந்த இரண்டாம் பகுதி. ஒன்றுக்கு வாங்கிய உரிமம் மற்றதற்கு உதவாது. சாதாரண எலெக்ட்ரானிக் மீட்டருக்கான ஐ.எஸ். 13779 உரிமம் கையில் இருக்கிறது, அதில் ஒரு மோடத்தைச் சொருகினால் ஸ்மார்ட் மீட்டர் ஆகிவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. ஆகாது. அளக்கும் பகுதி, இணைப்பைத் துண்டித்துச் சேர்க்கும் ரிலே, இருவழித் தகவல் தொடர்பு எல்லாம் சேர்ந்து சோதனையில் தேற வேண்டும். மீட்டர் பேசும் மொழிக்கே ஐ.எஸ். 15959 என்று தனித் தரநிலை இருக்கிறது. மீட்டர் துல்லியமாக அளந்தும் இந்த இடத்தில் தடுக்கி விழுந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்மார்ட் மீட்டருக்கென்று 2023இல் தரக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அதனால் முத்திரை இல்லாமல் விற்கும் பேச்சே இல்லை. எல்.இ.டி. பல்பு, அடாப்டர் வரிசையில் வரும் பதிவு எண்ணை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு திட்டம். நமக்கு வேண்டியது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதன் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும்.

சோதனைக்கூடம் பிடிப்பதில் பணம் நிறைய வீணாகிறது. சோதனைக்கூடங்களுக்குத் தேசிய வாரியம் தரும் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் இருக்கிறதே என்று மீட்டரை அனுப்பி வைக்கிறார்கள். அது போதாது. அந்தக் கூடத்தை அந்தக் குறிப்பிட்ட தரநிலைக்காக பி.ஐ.எஸ். அங்கீகரித்திருக்க வேண்டும். பட்டியல் பி.ஐ.எஸ். தளத்திலேயே இருக்கிறது. பார்த்துவிட்டு அனுப்பினால் ஒரு கட்டணம் மிச்சம்.

இனி ரிலே கதை. நூறு மீட்டரில் தேடிப் பொறுக்கி, அருமையான ஒன்றைச் சோதனைக்கு அனுப்புவது நம் ஆட்களுக்குக் கைவந்த கலை. பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு நன்றாகப் படிக்கும் பையனை எழுப்பி விடுவது மாதிரி. ஆனால் உரிமம் கிடைத்த பிறகும் தொழிற்சாலையிலிருந்தும் சந்தையிலிருந்தும் மாதிரி எடுப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு யூனிட்டில் உரிமம் வந்த கையோடு சில ரூபாய் மிச்சத்துக்காக வேறு ரிலே வாங்கினார்கள். பார்க்க அதே உருவம், அதே பின் அமைப்பு. முழு லோடு ஏற்றியதும் அதன் தொடுமுனை சூடாகி, டெர்மினல் பக்கம் வெப்பநிலை வரம்பைத் தாண்டிப் போயிற்று. மிச்சம் பிடித்த காசு எத்தனை மடங்காகக் கரைந்தது என்பதை அந்த முதலாளி வாயால் கேட்க வேண்டும். ரிலே, அளக்கும் சிப், மீட்டருக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் இவற்றில் எதை மாற்றினாலும் முதலில் பி.ஐ.எஸ்.ஸிடம் கேளுங்கள். மறுசோதனை வந்தாலும் வரும்.

அலைவரிசையைப் பலர் மறந்தே போகிறார்கள். ரேடியோ அலை வழியே ஒன்றுக்கொன்று தகவலைக் கடத்தும் ஆர்.எஃப். மெஷ் வகை மீட்டர்கள் பேசும் 865–867 மெகாஹெர்ட்ஸ் உரிமம் தேவைப்படாத அலைவரிசைதான். ஆனாலும் அந்த ரேடியோ மாட்யூலுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யு.பி.சி. பிரிவு தரும் கருவி ஒப்புதல் தனியாக வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை அதையும் சேர்த்துக்கொள்ளாது.

பி.ஐ.எஸ். அதிகாரி தொழிற்சாலையைப் பார்க்க வரும் நாளுக்காக, மீட்டரைச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்சை இரவல் வாங்கி வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர் கருவியை மட்டும் பார்ப்பதில்லை. உங்கள் தரக் கட்டுப்பாட்டு ஆளைக் கூப்பிட்டு "நீயே செய்து காட்டு" என்பார். அந்தப் பையனுக்குக் கை நடுங்கினால் கதை கந்தலாகிவிடும். மற்ற மீட்டர்களை ஒப்பிட்டுப் பார்க்கும் ரெஃபரன்ஸ் மீட்டரின் காலிபரேஷன் சான்றிதழ் காலாவதியாகி இருந்தாலும் அதே கதிதான். இன்சுலேஷன், உயர் மின்னழுத்தம், பிழை அளவு, லோடு இல்லாமல் மீட்டர் ஓடுகிறதா என்பதெல்லாம் ஒவ்வொரு மீட்டருக்கும் செய்ய வேண்டியவை. ஒரு யூனிட்டில் இந்தச் சோதனை நடுவே கரண்டே போய்விட்டது. மீட்டர் செய்கிற இடத்தில் ஜெனரேட்டர் இல்லை! அதிகாரி சிரித்துவிட்டுக் காத்திருந்தார், நல்ல மனிதர்.

விண்ணப்பம் போட்டாயிற்று என்ற தைரியத்தில் முகப்புத் தகட்டில் முத்திரையை அச்சடித்து வைக்காதீர்கள். உரிமம் இல்லாமல் முத்திரை இடுவது 2016ஆம் ஆண்டு பி.ஐ.எஸ். சட்டப்படி குற்றம். வாங்குகிறவர் பி.ஐ.எஸ். கேர் செயலியில் எண்ணைத் தட்டினால் உங்கள் வண்டவாளம் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அண்ணாச்சி கடைசியாகக் கேட்டார். "முப்பது நாள்ல கிடைச்சிரும்னாங்களே, பொங்கலுக்குள்ள டெண்டர் போட்டுரலாமா?" முப்பது நாள் கணக்கு உண்டுதான். ஆனால் அது சோதனை அறிக்கையோடு முழு விண்ணப்பமும் உள்ளே போன பிறகு ஓடத் தொடங்கும் கணக்கு. சோதனைக்கூடத்தில் வரிசையில் நிற்கிற வாரங்கள் அதில் சேராது. தேதியைப் பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள் என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் டீயைக் குடித்தார். அப்புறம் ஃபைலிலிருந்து அந்த வடக்கத்தி உரிம நகலை உருவி, திருப்பிப் போட்டு, அதன் வெள்ளைப் பக்கத்தில் வாங்க வேண்டிய கருவிகளை எழுத ஆரம்பித்தார். முதல் வரியில் ஜெனரேட்டர்.